துணியில உக்காந்துட்ட பபூன்

தூத்துக்குடிக்குத் தெக்க, ரோடு முடிஞ்சு, மணல் முடிஞ்சு, முள்ளுக்காடும் முடிஞ்சு, இனிமே கடலைத் தவிர ஒண்ணுமில்லன்னு நெனைக்கிற எடத்துல, வெள்ளை வெளேர்னு பாத்தி பாத்தியா உப்பு கெடக்கும், அந்த உப்புக்கு நடுவுல கல்லளம்னு ஒரு ஊரு கெடக்கும். யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலத்துல, அந்த ஊர் டெண்ட் கொட்டகையில படம் ஓடிக்கிட்டிருக்கையில, பபூன் ஒச்சப்பன் படத்தோட போகாம திரைத் துணியிலயே நின்னுட்டான். மிச்சப் படம் அவனைச் சுத்திக்கிட்டு ஓடுச்சு. கதாநாயகி நந்தவனத்துல பாட்டுப் பாடுனப்பவும் குறுக்க நின்னான், ராஜா வாள் சண்டை போட்டப்பவும் குறுக்க நின்னான், கல்யாணத்துல எல்லாரும் அட்சதை தூவுனப்ப இவன் தலையிலயும் நாலு அரிசி விழுந்துச்சு. ரீல் டப்பாவுக்குள்ள போயிருச்சு, மிசினை நிறுத்தியாச்சு, எஞ்சினும் ரெண்டு தும்மு தும்மி அடங்கிருச்சு, இவன் மட்டும் கருப்பு வெள்ளையா, அறை வாங்குன கன்னத்துல கைய வச்சுக்கிட்டு சனங்களையே பாத்தான். நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்போல, மெதுவா சம்மணம் போட்டு உக்காந்தான். சனங்க கொஞ்ச நேரம் அவனைப் பாத்தாங்க, அவன் சனங்களைப் பாத்தான், அப்புறம் விடிஞ்சா உப்பளத்துக்குப் போகணுமேன்னு எல்லாரும் எந்திரிச்சு, பின்னாடி ஒட்டுன மணலைத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அவன் ஏன் உக்காந்தான்னு தெரியணும்னா அவன் எப்படி நிக்கக் கத்துக்கிட்டான்னு தெரியணும்.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. அப்பன் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் நடக்கற மாதிரி நடந்து காட்டிக்கிட்டிருந்தப்ப, வாத்தியார் பின்னாடி நின்னு முழுசையும் பாத்து, ஒரு வார்த்தை திட்டாம, "எடது கால இன்னும் கொஞ்சம் இழுக்கணும்டா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த அவமானம் வாத்தியாருக்கா தனக்கான்னு புரியாம அன்னிக்கே ஓடிப்போயி பாய்ஸ் நாடகக் கம்பெனியில சேந்தான். மந்திரிக்குப் பின்னால ஈட்டி பிடிச்சு நின்னான், தோழிக்குச் சேலை கட்டி நின்னான். ஒரு நாள் பபூனுக்கு வயித்தால போயி இவனை மேடையில தள்ளி விட்டாங்க. மொத வசனத்துக்கே கொட்டகை சிரிச்சுச்சு. பய பயந்துபோயி சிரிப்புக்கு மேலயே அடுத்த வசனத்தைப் பேசிட்டான், அது ஒருத்தன் காதுலயும் விழல. கேலரியில இருந்து ஒருத்தன், "ஏண்டா அவசரம், சிரிக்க விடுறா"ன்னு கத்துனான். அந்த ஒரு சத்தம் ஒச்சப்பன் எலும்புல எழுதுன மாதிரி ஆயிருச்சு. அன்னையில இருந்து சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போயி, முக்கால்வாசி எறங்குற வரைக்கும் அடுத்த வசனத்தைப் பேச மாட்டான். சிரிப்பு வரலைன்னா வர்ற வரைக்கும் நிப்பான். அருப்புக்கோட்டையில ஒருக்கா, தூங்கிவழிஞ்ச சனத்துக்கு முன்னாடி அவன் நின்ன நிலையைப் பாத்து ஆர்மோனியக்காரர் தலையச் சாய்ச்சுத் தூங்கியே போயிட்டாரு. அவர் மூக்கு ஒரு கட்டையில இடிச்சு ஆர்மோனியம் கீச்சுன்னு கத்த, சனம் குபீர்னு சிரிக்க, அதுக்கப்புறம்தான் ஒச்சப்பன் நகந்தான்.

அப்புறம் பேசும்படம் வந்துச்சு, நாடகக் கம்பெனியெல்லாம் ஒண்ணொண்ணா தட்டுமுட்டை வித்துட்டுக் கலைஞ்சுச்சு, ஒச்சப்பன் மெட்ராஸ் போனான். அங்க ஒரு சங்கடம். அப்பல்லாம் பேச்சும் படமும் ஒரே நேரத்துல பதியும், ஓரத்துல எவனாவது இருமுனா இருமலும் ராஜா தர்பார்ல சேந்து பதியும். அதனால ஒச்சப்பன் நடிக்க வந்தாலே லைட்டுக்காரங்க, பெயிண்டருங்க, சாப்பாடு கொண்டுவந்தவங்க எல்லாரும் துண்டைச் சுருட்டி வாயில திணிச்சுக்குவாங்க. ஒரு முக்கல் முனகல் இருக்காது. அந்த அமைதியில வசனத்தைச் சொல்லிட்டு, யாருமே சிரிக்காத எடத்துல, சிரிப்புக்குன்னு நிப்பான்.

டைரக்டருக்கு ரத்தம் கொதிக்கும். "யோவ், பிலிமுக்கு ரேஷன்யா. நீ நிக்கிறதுக்கெல்லாமா சர்க்கார் பிலிம் குடுக்குது?"

"சிரிப்பாங்க சார். எடம் விடணும்ல."

"எவன்யா சிரிக்கிறான்? இங்க ஒருத்தனும் சிரிக்கல."

"இங்க இல்ல சார். தேனியில. தஞ்சாவூர்ல."

ஆனா படம் வெளிய வந்ததும், தேனியில சிரிச்சாங்க, தஞ்சாவூர்ல சிரிச்சாங்க, கொழும்புல சிரிச்சாங்க, அவன் விட்ட எடத்துக்கும் சனம் சிரிச்ச சிரிப்புக்கும் எந்த ஊர்லயும் ஒரு விரக்கடை கூடல, ஒரு விரக்கடை கொறையல, தையக்காரன் அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சு. அது எப்படின்னு டைரக்டர் கேட்டதுக்கு, "தெரியல சார், அவங்க மூஞ்சிய நெனச்சுக்குவேன்"ன்னான். பேரு வந்துச்சு, சில்க் ஜிப்பா வந்துச்சு, சோப்பு விளம்பரத்துல மூஞ்சி வந்துச்சு.

அந்த யுத்த வருசத்துப் படத்துல அவன் ஒரு பணக்கார வீட்டு வேலைக்காரன். எஜமான் வீட்டுக்கு சம்பந்தம் பேச ஒரு பெரிய மனுசன் வருவான். ஒச்சப்பன் காப்பி கொண்டு வந்து குடுப்பான், சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிருப்பான். விருந்தாளி ஒரு வாய் குடிச்சு எஜமான் மூஞ்சியில துப்புவான், எஜமான் ஒச்சப்பனைப் பளார்னு ஒண்ணு விடுவான், ஒச்சப்பன் கன்னத்துல கைய வச்சுக்கிட்டு சனங்களைப் பாப்பான், சிரிப்புக்கு நிப்பான், அப்புறம் அடுத்த வசனம். எல்லா ஊர்லயும் அந்த எடத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. கல்லளத்துல ஒரு குஞ்சு குளுவான்கூடச் சிரிக்கல. அவ்வளவுதான் சங்கதி. சிரிப்பு வரல, அதனால நின்னான், அதனால உக்காந்தான்.

கல்லளத்துக்காரங்க அதை வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. அளத்துல ஒரு வழக்கம் உண்டு. கங்காணி எவனாவது கை நீட்டிட்டான்னா, அடி வாங்குனவன் சண்டை போட மாட்டான், கூடைய எறக்கி வச்சுட்டு வரப்புல உக்காந்துருவான். அடிச்சவன் வந்து கைய எடுத்துக் கும்பிடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். உக்காந்தவனுக்கு ஊரே மொற வச்சு வீட்டுக்கு ஒரு வேளை கஞ்சி கொண்டு போகணும். இப்படித்தான் கெடக்கு அங்க நியாயம். அதனால மறுநாள் சாயங்காலம், உப்பு வாருற பொம்பளைங்கள்லயே பெரிய குரல்காரியான தங்கபுஷ்பம், இடுப்புல தூக்குச்சட்டியோட டெண்ட்டுக்குள்ள வந்து, துணிக்கு முன்னால கஞ்சிய வச்சு, "அண்ணாச்சி, மொத மொற எங்க வீடு"ன்னு சொல்லிட்டுப் போனா. கஞ்சி அப்படியே இருந்துச்சு. ஆனா உப்புப் போட்டு வச்ச கஞ்சியில உப்பு மட்டும் இல்லாம சப்புனு இருந்துச்சுன்னு தங்கபுஷ்பம் சொன்னா, அதோட ஊருக்குச் சந்தேகம் தீந்துச்சு, ஆளு சாப்பிடத்தான் செய்யுறாருன்னு.

டெண்ட்டு சொந்தக்காரன் தொம்மைக்குத்தான் தலைவலி. அடுத்த கேம்பு வேற ஊர்ல, துணிய மடிக்கணும்.

"உள்ள ஆள் இருக்கையில மடிப்பீரோ?" தங்கபுஷ்பம் கேட்டா.

"ஏத்தா, அது படம்."

"படம்னா அப்பமே போயிருக்கணும்லா? எல்லாரும் போனாவள்லா? இவரு போவலியே."

தொம்மை துணியத் திருப்பிப் பாத்தான். திருப்புன பக்கம் ஒச்சப்பன் மறுகன்னத்துல எடது கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். உதறிப் பாத்தான், உக்காந்தவன் ரெண்டு பக்கமும் கைய ஊனிக்கிட்டு, உதறி முடிஞ்சதும் மறுபடி கன்னத்துல வச்சுக்கிட்டான். கடைசியில தொம்மை அடுத்த கேம்பைத் தள்ளிப்போட்டுட்டு, வேற துணி வாங்கிப் பக்கத்துல கட்டி வேற படம் ஓட்டுனான், உக்காந்திருந்தவனும் கழுத்தை எக்கி எக்கி அதைப் பாத்தான். பகல்ல வெளிச்சம் பட்டா உப்புத் தண்ணி மாதிரி மங்கலாத் தெரிவான், பொழுது சாஞ்சா பளிச்சுன்னு வருவான். மழை பெஞ்சப்ப பனை ஓலையில மறைப்புக் கட்டுனாங்க. பிள்ளைங்க வந்து தங்களுக்கு விழுந்த பல்லைக் காட்டுச்சுங்க. தண்ணி வாய்க்கா தகராறுல அடிச்சுக்கப்போன ரெண்டு பேரு, இவன் பாக்கறதைப் பாத்துட்டு, ஏற்கனவே அடி வாங்கி உக்காந்திருக்க மனுசனுக்கு முன்னாடி இது நல்லாயிருக்காதுன்னு கலைஞ்சு போயிட்டாங்க. கல்யாணப் பத்திரிகை அடிச்சவங்க துணியில ஒரு மஞ்ச பொட்டு வச்சு, "வர முடியாது, தெரியும், இருந்தாலும்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கண்ணு சிமிட்டுறானா இல்லையான்னு பந்தயம் கட்டிக்கிட்டு உக்காந்த பயலுக எல்லாம் தாங்கதான் மொதல்ல சிமிட்டுனாங்க.

இந்தப் பக்கம் மதுரையில, திருச்சியில, கும்பகோணத்துல, படம் ஓடுன அத்தனை ஊர்லயும் அன்னிக்கே ஒச்சப்பன் காணாமப் போயிட்டான். காப்பி டம்ளர் அந்தரத்துல வந்துச்சு, விருந்தாளி துப்புனான், எஜமான் வெறும் காத்தை அறைஞ்சான். மொத நாள் தந்திரக் காட்சின்னு கை தட்டுனாங்க. ரெண்டாம் நாள் சோடா பாட்டில் பறந்துச்சு. ஸ்டுடியோவுல ஒச்சப்பனை நிக்க வச்சு ஒரு சுருள் எடுத்துப் பாத்தாங்க. கழுவிப் பாத்தா நாற்காலி இருக்கு, நாற்காலி மேல கெடந்த துண்டு இருக்கு, அவன் இல்ல. மனுசனுக்கு இருக்கறது ஒரே ஒரு பிம்பம்தான்போல, அது கல்லளத்துல உக்காந்திருக்கையில இங்க எதை எடுக்குறது. அங்க ஒருத்தரும் சிரிக்காததும் அவன் உக்காந்துட்டதும் தொம்மை எழுதிப்போட்ட கடுதாசியிலதான் ஸ்டுடியோவுக்கே தெரிஞ்சுச்சு.

புரொடக்‌ஷன் மேனேஜர் வேதகிரி, கைக்குட்டையால நெத்திய ஒத்தி ஒத்திப் பேசுற ஆளு, சுத்தி வளைக்காமச் சொல்லிட்டாரு. "அண்ணே, அடுத்த படத்துக்குப் பூஜை போட்டாச்சு. முதலாளி ஒரு புதுப்பையனைப் பாத்து வச்சிருக்காரு. கேமராவுக்குத் தெரியாத ஆளை வச்சு நாங்க என்னண்ணே செய்யுறது? படம் ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க போயி உங்களைக் கூட்டிட்டு வந்துருங்க."

"வரமாட்டேன்னு சொன்னா?"

"உங்களுக்கு நீங்கதான சொல்லணும்?"

போறதுக்கு நாடகக் கம்பெனி இல்ல, மாட்டுத் தரகும் தெரியாது. வேற வழியில்லாம ஒச்சப்பன் ரயிலேறி, பஸ் ஏறி, கடைசியில உப்பு வண்டியில ஏறி, காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு கல்லளத்துல வந்து எறங்குனான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே ரோசனை. சிரிப்பு ஏன் வரல? சோடா பாட்டில் வாங்கியிருக்கான், முட்டை வாங்கியிருக்கான், ஆனா அந்த உப்புக் காப்பிக்குச் சிரிக்காத ஊர்னு ஒண்ண அவன் கேள்விப்பட்டதே இல்ல. காது கேக்காத ஊரா? வைத்தியம் பண்ணாத பல்லுவலிக்காரங்களா? வேலை போயிருமேங்கற பயத்துக்கு அடியில, அது என்ன ஊருடான்னு பாத்துரணும்ங்கற அரிப்புதான் அவனைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு.

டெண்ட்டுக்குள்ள துணிக்கு முன்னால நின்னான். துணியில இருந்தவன் இவனை ஒரு பார்வை பாத்துட்டு, மறுபடி சனங்க உக்கார்ற மணலைப் பாத்தான். தங்கபுஷ்பம் கஞ்சிச் சட்டியோட வந்தவ நின்னா.

"யாருய்யா நீங்க?"

"நாந்தாம்மா அது."

அவ இவனைப் பாத்தா, துணியப் பாத்தா, மறுபடி இவனைப் பாத்தா. "அவரு கருப்பு வெள்ளையில்லா இருக்காரு. நீங்க மாநிறமா இருக்கிய."

"கேமராவுல அப்படித்தான் விழும்."

"சாடை இருக்கு. ஆனா அவரு மூஞ்சியில இருக்க பொறுமை உங்ககிட்ட இல்லையே." சட்டியக் கீழ வச்சா. "சரி, தம்பின்னு வச்சுக்கிடுவோம். அடிச்சவன் எங்க? அவனையில்லா நீங்க கூட்டிட்டு வந்திருக்கணும்?"

"அடிச்சது நடிப்புக்கும்மா. அந்த மனுசன் தங்கமானவரு, அடிச்ச கையால எனக்கு வெத்தலை மடிச்சுக் குடுத்தாரு."

"வெத்தலைய இவருகிட்டல்லா குடுக்கணும்?"

அதுக்குள்ள ஊரே கூடிருச்சு. ஒச்சப்பன் சம்மணம் போட்டு உக்காந்து விளக்குனான், அவன் நியாயத்துக்கு உக்காரல, சிரிப்புக்கு உக்காந்திருக்கான், நீங்க ஒரு சிரிப்பு சிரிச்சாப் போதும், எந்திரிச்சுப் போயிருவான். ஊர்க்காரங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. இவ்வளவுதானா, மொதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு, எல்லாரும் துணிய நோக்கித் திரும்பி, மூச்சை இழுத்து, ஒண்ணாச் சேந்து ஹோன்னு சிரிச்சாங்க. கட்டியிருந்த ஆடு அத்துக்கிட்டு ஓடுச்சு. துணியில இருந்தவன் சுண்டு விரலைக் காதுல விட்டுக் குடைஞ்சான்.

"பொய்ச் சிரிப்பு அவனுக்குத் தெரியும்"னான் ஒச்சப்பன்.

"நெசச் சிரிப்புக்கு எங்க போவ?" தங்கபுஷ்பம் கேட்டா. "எதுக்குச் சிரிக்கணும்னு சொல்லும் மொதல்ல."

"காப்பியில உப்பப் போட்டுட்டான்ல."

"ஆமா, போட்டாரு."

"அவன் துப்புறான்ல."

"அதான் ஏன்னு கேக்கேன். உப்புப் போட்டா துப்புவானேன்? நாங்க வெயில்ல நின்னு வேர்த்து, ஒடம்புல இருக்க உப்பெல்லாம் வழிஞ்சு போயிரும் யய்யா. கஞ்சியோ, நீத்தண்ணியோ, கருப்பட்டித் தண்ணியோ, ஒரு கல்லு உப்பு போடலன்னா நடுப்பாத்தியில தலை சுத்தி விழுந்துருவோம். வந்த மனுசனுக்கு உப்புப் போட்டுக் குடுக்கது மருவாதியில்லா? இவரு மருவாதியாத்தான் குடுத்தாரு. அந்தச் சண்டாளன் துப்புதான். குடுத்தவரையே அடிக்காவ. எங்களுக்குக் கண்ணுல தண்ணில்லா வந்துச்சு."

ஒச்சப்பன் முட்டை எறிஞ்ச சனத்தைப் பாத்திருக்கான், எந்திரிச்சுப் போன சனத்தைப் பாத்திருக்கான், தன் தமாசுக்கு இரக்கப்பட்டு அழுத சனத்தை இப்பத்தான் பாக்குறான். அழுதவங்களை எப்படிச் சிரிக்க வைக்கிறது?

மொதல்ல தன்கிட்ட இருந்ததையெல்லாம் எறக்கிப் பாத்தான். வாத்தியார் நடை நடந்தான், தும்மல் வராம தவிச்சான், வரப்புல நடந்து காட்டி உப்புப் பாத்திக்குள்ள குப்புற விழுந்தான், வெள்ளை பூசுன பிள்ளையார் மாதிரி எந்திரிச்சான். ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நெசமாவே சிரிச்சுச்சு. துணியில இருந்தவன் அசையல. அது உனக்கு வந்த சிரிப்பு, எனக்கு வரவேண்டியது இன்னும் வரலைங்கற மாதிரி அப்படியே இருந்தான். ஒச்சப்பனுக்குக் கோவமும் வந்துச்சு, இவ்வளவு கறாரான ஆளா நாமன்னு ஒரு பெருமையும் வந்துச்சு.

அப்புறம்தான் அவனுக்கு அந்த ரோசனை வந்துச்சு, வேற எவனுக்கும் வராத ரோசனை. தமாசுல தப்பில்ல, அஸ்திவாரம் இல்ல. இவங்களுக்குக் காப்பின்னா என்னன்னே தெரியாது, அதுல உப்பு விழுந்தா எவ்வளவு கொடுமைன்னு எப்படித் தெரியும்? மொதல்ல காப்பியக் கத்துக்குடுக்கணும். நாக்கு சீனிக்குப் பழகணும். நல்லாப் பழகி, காப்பி இல்லாம ஒரு பொழுது போகாதுங்கற நெலமைக்கு ஊரைக் கொண்டு வந்து நிறுத்தி, அப்புறம் ஒரு நாள் உப்பைப் போடணும். அப்பத் துப்புவாங்க. துப்புனவன் மூஞ்சிய அடுத்தவன் பாப்பான். தானா வரும் சிரிப்பு. ஒரு தமாசுக்காக ஒரு ஊரையே காப்பி குடிக்க வைக்கப்போறேன்னு தொம்மைகிட்டச் சொன்னப்ப, தொம்மை தலையில கைய வச்சான், ஆனா அவனுக்கும் தன் துணி வேணும், அதனால தூத்துக்குடிக்குப் போயி காப்பிக்கொட்டையும், ரேஷன்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்குன சீனியும் கொண்டு வந்தான்.

வெள்ளாட்டுப் பால்ல காப்பி. சாயங்காலம் அளத்துல இருந்து திரும்புற சனம், துணிக்கு முன்னால மணல்ல வரிசையா உக்காரும், ஒச்சப்பன் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, படத்துல குனிஞ்ச மாதிரியே குனிஞ்சு குனிஞ்சு ஆளாளுக்கு ஊத்திக் குடுப்பான். மொத நாள் பாதி பேரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ரெண்டாம் நாள் அப்படி இல்ல, மூணாம் நாள் சட்டியத் தேடி வந்தாங்க. டம்ளரை வாங்குனதும் கொஞ்சம் வேலிப் பக்கமாத் திரும்பிக்கிட்டுத்தான் குடிப்பாங்க, ஊர்ப் பழக்கம்போல, கூச்சம்போலன்னு விட்டுட்டான். "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, "எப்பா, அமிர்தம்"ங்கும் சனம். "இது குடிக்காத அன்னைக்கி கை ஓட மாட்டேங்கு யய்யா"ன்னு ஒரு கெழவன் சொன்னப்ப ஒச்சப்பனுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு ஆச்சு. அஸ்திவாரம் எறங்கிருச்சு.

அந்த வாரமே வேதகிரிகிட்ட இருந்து தந்தி வந்துச்சு, திங்கக்கிழமை கேமரா ஏறுது, புதுப்பையனுக்கு ஜிப்பா தச்சாச்சு. இனிப் பொறுக்க முடியாது. அன்னிக்குச் சாயங்காலம் ஒச்சப்பன் சீனி டப்பாவைத் தொடல. வாசல்ல குமிஞ்சு கெடந்த உப்புல இருந்து கை நெறைய அள்ளிக் காப்பிச் சட்டியில போட்டு, கரண்டியால கலக்கி, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தான், குடல் வரைக்கும் கரிச்சுச்சு. திருப்தியாயிட்டான். மொதல் டம்ளர் தங்கபுஷ்பத்துக்கு. வரிசை முழுக்க ஊத்தி முடிச்சுட்டு, துணிக்குக் கீழ வந்து, துணியில இருக்கவனுக்கு நேரா நின்னு, கன்னத்துல கைய வச்சுக்கிட்டு, துப்பப் போறாங்கன்னு பாத்துக்கிட்டு நின்னான்.

தங்கபுஷ்பம் ஒரு வாய் குடிச்சா. நிறுத்துனா. டம்ளருக்குள்ள பாத்தா. மறுபடி வச்ச வாய எடுக்காம கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சு, முந்தியால வாயத் தொடச்சுட்டு, பக்கத்துல இருந்தவளைப் பாத்து, "ஏட்டி, இன்னைக்கி போடாத, அவரே போட்டுட்டாரு"ன்னா.

ஒச்சப்பனுக்கு ஒண்ணும் புரியல. "என்ன போட்டுட்டேன்?"

"உப்பு." அவ கொஞ்சம் சங்கடப்பட்டு முந்தி முடிச்சை அவுத்துக் காட்டுனா, அதுல நாலு கல்லு உப்பு இருந்துச்சு. அவ காட்டுனதைப் பாத்து அடுத்தவ அவுத்தா, அதுக்கடுத்தவ அவுத்தா, ஆம்பளைங்க மடியில இருந்து எடுத்தாங்க, கெழவன் காதுல சொருகியிருந்த ஓலைச்சுருளைப் பிரிச்சான். "மனசுல வச்சுக்கிடாதிய யய்யா. அந்த இனிப்பு நெஞ்சுக்குள்ள எறங்கல. நீங்க அவ்வளவு பாசமா ஊத்துதிய, வேண்டாம்னா மனசு நோவும்னுட்டு, நாங்களா வேலிப் பக்கம் திரும்பி ஆளுக்கு ஒரு கல்லு போட்டுக்கிட்டோம். ஊரே பேசி வச்சுக்கிட்டோம், உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இன்னைக்கித்தான் காப்பி காப்பி மாதிரி இருக்கு. கைப்பக்குவம் வந்துட்டு உங்களுக்கு. இன்னொண்ணு ஊத்துங்க."

டம்ளரை நீட்டுனா. அவ நீட்டுனதும் வரிசையில இருந்த அத்தனை டம்ளரும் நீண்டுச்சு.

ஒச்சப்பன் அந்த டம்ளர் வரிசையப் பாத்தான். சீனிக்காகத் தொம்மை ரேஷன் கடைக்காரன் கால்ல விழுந்ததை நெனச்சான். குனிஞ்சு குனிஞ்சு ஊத்துன தன் முதுகை நெனச்சான், அந்த முதுகுக்குப் பின்னால அத்தனை பேரும் ஒரே நேரத்துல வேலிப் பக்கம் திரும்புனதை நெனச்சான். வயித்துக்கு அடியில என்னமோ ஒண்ணு கெளம்புச்சு. மொதல்ல மூக்கு வழியா வந்துச்சு. துண்டை வாயில திணிச்சான், துண்டு எகிறி விழுந்துச்சு. அப்புறம் அவன் கையில எதுவும் இல்ல. மணல்ல உக்காந்தான், உக்கார முடியாம படுத்தான், காலை உதைச்சுக்கிட்டு, "காப்பியில உப்பு, காப்பியில உப்பு"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நெஞ்சு அடைக்குதோன்னு தங்கபுஷ்பம் ஓடி வந்து முதுகுல தட்டுனா, அதுக்கும் சிரிச்சான். அவன் அப்படிப் புரள்றதைப் பாத்து ஒரு புள்ள சிரிச்சுச்சு, புள்ளையப் பாத்து தொம்மை சிரிச்சான், ஊரு எதுக்குன்னு தெரியாமலே சிரிக்க ஆரம்பிச்சுச்சு.

துணியில இருந்தவன் கன்னத்துல இருந்து கைய எடுத்தான். காதைச் சாய்ச்சுக் கேட்டான். பொய்யா நெசமான்னு ஒரு நொடி ஒரசிப் பாக்குற மாதிரி பாத்தான். அப்புறம் எந்திரிச்சு, மரத்துப்போன காலை ரெண்டு ஒதறு ஒதறி, வேட்டியத் தட்டிக் கட்டி, சிரிப்பு ஏறட்டும்னு விட்டு, உச்சிக்குப் போகட்டும்னு விட்டு, முக்கால்வாசி எறங்குற எடத்துல கச்சிதமா வாயத் தொறந்தான்.

"எஜமான், எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. சீனி டப்பாவுல ஒரு எறும்புகூட இல்ல."

சொல்லிட்டு, துணியோட ஓரத்துக்கு நடந்து, தங்கபுஷ்பம் பக்கம் ஒரு கும்பிடு போட்டுட்டு, விளிம்பைத் தாண்டிப் போயிட்டான். துணி வெறும் துணியாச்சு. நடுவுல அந்த மஞ்ச பொட்டு மட்டும் இருந்துச்சு.

திங்கக்கிழமை போயி செவ்வாக்கிழமை, உப்புப் புழுதியக் கிளப்பிக்கிட்டு ஒரு கார் வந்துச்சு. வேதகிரி எறங்குனாரு, நெத்திய ஒத்திக்கிட்டே ஓடி வந்தாரு. "அண்ணே, வந்துட்டீங்க. எல்லா ஊர்லயும் வந்துட்டீங்க. கேமரா ஏறல, முதலாளி நிறுத்தி வச்சிருக்காரு, புதுப்பையனை ஊருக்கு அனுப்பியாச்சு, வண்டியில ஏறுங்க."

"இருய்யா, மூச்சு விடு."

"ஒரே ஒரு சந்தேகம்ணே. அந்த விருந்தாளி துப்ப மாட்டேங்குறான். மதுரையில பாத்தேன், திருச்சியில பாத்தேன், மொத்தக் காப்பியையும் குடிச்சுட்டு, வாயத் தொடச்சுட்டு, இன்னொண்ணு ஊத்துன்னு டம்ளரை நீட்டுறான். எஜமான் எதுக்கு அறையுறான்னு அவனுக்கே தெரியாம அறையுறான். சனம் உருண்டு பெரளுது. முதலாளி கேக்கச் சொன்னாரு, இதை எப்ப எடுத்தீங்க?"

"நாம எடுக்கல"ன்னான் ஒச்சப்பன்.

வேதகிரி அதுக்கு மேல கேக்குறதுக்குள்ள தங்கபுஷ்பம் வந்துட்டா. வெயில்ல அவ்வளவு தூரம் வந்த மனுசனுக்கு மருவாதி செய்யணும்ல, செம்பு நெறையக் கஞ்சி. தாகத்துல இருந்தாரு வேதகிரி, வாங்கி ஒரே மடக்கா மடக்கி, அதே வேகத்துல அத்தனையையும் தன் சில்க் ஜிப்பா மேலயே துப்புனாரு.

ஒருத்தரும் சிரிக்கல. ஊரே பதறிப்போச்சு. "தொண்டையில புண்ணா இருக்கும்"னா ஒருத்தி. "பாவம், யாரு அடிச்சாவளோ"ன்னான் கெழவன். தங்கபுஷ்பம் அவரு முதுகைத் தடவிக்கிட்டே ஒச்சப்பனைப் பாத்தா, என்ன செய்யன்னு.

ஒச்சப்பன் ஒரு நொடிகூட நிக்கல.

"உப்பு பத்தலம்மா அவருக்கு"ன்னான்.

அடப்பாவமே, இதையில்லா மொதல்ல பாத்திருக்கணும்னு அவ முந்தி முடிச்சை அவுத்து, இருந்த நாலு கல்லையும் செம்புல போட்டு, விரலால நல்லாக் கலக்கி, வேதகிரி கையில குடுத்தா. ஒச்சப்பன் போயி கார் பின்சீட்டுல படுத்துக்கிட்டு துண்டை வாயில திணிச்சுக்கிட்டான். கல்லளத்து ஆம்பளையும் பொம்பளையும் பிள்ளைகளும் ஆடுகளும் காரைச் சுத்தி வந்து நின்னு, ஒரு அவசரமும் இல்லாம, வேதகிரி மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

வேதகிரி கொஞ்ச நேரம் அவங்களைப் பாத்தாரு. அப்புறம் குடிச்சாரு.